நிழலில் வைக்கவும்

நாலாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். சேலத்தில் இருக்கிற நிறப்பெயர் நெறிமுறை மையம் எனக்குத் தர வேண்டிய தொகை அது. சிட்டம் என்கிற நூல் கற்றை ஒன்றுக்கு நூற்றெண்பது வீதம் இருபத்தேழு சிட்டத்துக்கு. ஐந்து மாதம் இதையே சொல்லிச் சொல்லி, யாராவது என் பெயரைக் கேட்டால்கூட முதலில் அந்தத் தொகைதான் வாயில் வந்தது.

பெயர் சின்னுசாமி. ஊர் இளம்பிள்ளை. சேலை நெய்கிறவர்களுக்கு நூலில் சாயம் ஏற்றிக் கொடுப்பது தொழில். இரண்டு தொட்டி, ஓர் அடுப்பு, நூலைப் பிழிய நானும் என் வீட்டுக்காரி ராசாத்தியும். முப்பத்தோரு வருசம் தொட்டியில் கையை விட்டதில், என் நகத்தைப் பார்த்தே நேற்று என்ன வேலை நடந்தது என்று ஊரில் சொல்லிவிடுவார்கள்.

எங்களுக்கு நிறத்துக்குப் பெயர் வைப்பது ஒரு வேலையே இல்லை. கண்ணில் பட்டதை வைப்போம். மயில் கழுத்து, மாந்தளிர், வெங்காயத் தோல், காப்பிப்பொடி, கத்திரிப்பூ, மிளகாய்ப்பழம். சேலைக் கடைக்காரர் போனில் "மாந்தளிரு, கொஞ்சம் முத்துனாப்புல" என்றால் எனக்கு விளங்கும். இது எவ்வளவு பெரிய தப்பு என்பது, தை மாதம் ஒரு வெள்ளைக் கார் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மையத்தின் இயக்குநர் நவநீதகிருஷ்ணன். பின்னால் ஒரு தடிப் புத்தகத்தைக் குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவர் சொல்மூல ஆலோசகர் பாலசுந்தரம். கொடியில் தொங்கிய ஒரு சிட்டத்தை இயக்குநர் பேனாவால் தொட்டார்.

"இது என்ன நிறம்?"

"வெங்காயத் தோலுங்க."

"எந்த வெங்காயம்?"

"பெரிய வெங்காயமுங்க. நாலு நாளு வாடுனது."

இயக்குநர் ஆலோசகரைத் திரும்பிப் பார்த்தார். "பார்த்தீர்களா பாலசுந்தரம்? ஒரு நாட்டின் ஏற்றுமதி வாடிய வெங்காயத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறது."

ஆலோசகர் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் எனக்கு விளக்கினார். வெளிநாட்டுக்காரன் நம் சேலையை வாங்காமல் போவதற்குக் காரணம் விலை இல்லையாம், தரம் இல்லையாம். நிறத்தின் பெயருக்கு லத்தீன் வேர் இல்லாததுதான் காரணமாம். அதைச் சரிசெய்யவே மையம் ஏற்பட்டிருக்கிறதாம். திறப்பு விழாவுக்கு இருபத்தேழு நிறத்தில் இருபத்தேழு சிட்டம் வேண்டும், நாலு நாளில் வேண்டும் என்றார்கள்.

"நாலு நாள்னா சாதாச் சாயப் பவுடருதாங்க போட முடியும்," என்றேன். "பாக்க நல்லா இருக்கும். வெயிலு மட்டும் தாங்காதுங்க. நெழல்ல வெக்கோணும்."

"அது அலுவலகம்," என்றார் இயக்குநர். "அனுமதி இல்லாமல் வெயில் உள்ளே வராது."

பவுடர் வாங்கக் கையில் காசு இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் சாயக்கடை வைத்திருக்கிற நசுருல்லா பாயிடம் போய், மூவாயிரத்து நூற்றுப் பதினைந்து ரூபாய்க்கு நூலும் பவுடருமாகக் கடன் எடுத்தேன். மையத்தின் பணம் வந்ததும் அடைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். "கவர்மெண்டு மாதிரி ஆபீஸா? அப்ப பணம் எங்கயும் போகாது," என்றார் பாய். உண்மைதான். அது எங்கேயும் போகவில்லை.

நாலாம் நாள் சிட்டங்களைக் கொண்டுபோய் இறக்கினேன். பில்லை நானே எழுதியிருந்தேன். நாற்பத்தாறு வயதில் சத்துணவுக் கூடத்தில் நடந்த வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. கொஞ்சம் பெரிது பெரிதாகத்தான் வரும்.

"27 கலர் சிட்டம். 27 × 180 = 4860. நிழலில் வைக்கவும்."

ஆலோசகர் அதை வாங்கிப் படித்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

"நிழல் என்பது லத்தீனில் உம்ப்ரா. அதிலிருந்துதான் அம்ப்ரெல்லா. குட்டி நிழல் என்று அர்த்தம். ஆகவே நிழலில் வைக்கவும் என்றால் குடை வைக்கவும் என்றாகிறது. இருபத்தேழு சிட்டத்துக்கு இருபத்தேழு குடை. அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை."

"குடையெல்லாம் வேண்டாமுங்க. பீரோவுக்குள்ள வெச்சாப் போதும்."

"மேலும்," என்றார் பக்கத்தில் நின்ற இயக்குநர், "இந்த மையத்தின் கொள்கை வெளிப்படைத்தன்மை. இங்கே நிழலுக்கு இடமில்லை."

ஆலோசகர் சிவப்புப் பேனாவால் அந்த வரியைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டார். எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர்.

திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மாடியில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். அதன் முன்னால் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் என் இருபத்தேழு சிட்டமும் தொங்கின. ஒவ்வொன்றின் இடுப்பிலும் நாலு விரல் அகலத்துக்குத் தடித்த அட்டை, பெல்ட் மாட்டியதுபோல் சுற்றி இறுக்கியிருந்தது. அட்டையில் தங்க எழுத்தில் லத்தீன். அட்டை அச்சடித்தவருக்குப் பதினாலாயிரத்து முந்நூறு ரூபாயாம். முன்பணமாகவே கொடுத்துவிட்டார்களாம். அவர் பில்லில் தமிழே இல்லையாம், அதனால் சிக்கல் வரவில்லையாம்.

இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! நிறம் கண்ணுக்குத் தெரியும். அதன் வேர் தெரியாது. தெரிவதை விட்டுவிட்டுத் தெரியாததைப் பிடித்துக்கொள்வதே இந்த மையத்தின் பணி. நாங்கள் பதினோரு பேர் இங்கே உழைக்கிறோம். இன்றுவரை எங்களில் ஒருவர் கையிலும் ஒரு சொட்டுச் சாயம் பட்டதில்லை. அந்தத் தூய்மையை இறுதிவரை காப்போம் என்று உறுதி கூறுகிறேன். வேர் இல்லாத நிறம் வெளுத்துப் போகும். வேருள்ள நிறம் நிற்கும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து கண்ணாடிப் பெட்டியில் பளீரென்று விழுந்தது. போட்டோக்காரர் வெளிச்சம் அருமை என்றார். நான் கிட்டப் போய்த் திரையாவது இழுத்து விடலாம் என்று கையை நீட்டினேன். காவலாளி, "கண்ணாடியில கறை புடிச்சிரும், தள்ளி நில்லுங்க" என்றார்.

மாசி பிறந்ததும் பணத்துக்குப் போனேன். பில் பிரிவில் இருந்தது பிரவீனா என்கிற பொண்ணு, தாரமங்கலத்துப் பக்கம். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டாள். அங்கே அப்படி நாற்காலி கிடைத்தால் வேலை நடக்காது என்று அர்த்தம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

"அண்ணா, பில்லு திரும்பி வந்திருக்குதுங்க. 'கலர்'னு எழுதியிருக்கீங்களாம். ஆலோசகரப் பாருங்க."

ஆலோசகர் தடிப் புத்தகத்தைத் திறந்தார்.

"கலர் என்பது லத்தீன் சொல். அதன் வேரைத் தோண்டினால் மூடுவது, மறைப்பது என்ற பொருள் வருகிறது. பொருளின் மேனியை மூடி மறைப்பதால் கலர். அப்படியானால் நீங்கள் இருபத்தேழு மறைப்புகளுக்குப் பணம் கேட்கிறீர்கள்."

"மறைப்புக்கு இங்க பணம் குடுக்க மாட்டாங்களாங்க?"

"கொடுப்போம். பில்லில் எழுத மாட்டோம்."

"அப்ப என்னன்னுங்க எழுதோணும்?"

யோசித்து, "டின்ட் என்று எழுதுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து அதுவும் திரும்பியது. டின்ட் என்பது டிங்கெரே என்ற லத்தீனிலிருந்து வந்ததாம், முக்கி எடுப்பது என்று பொருளாம். காயத்துக்குப் போடுகிற டிங்சரும் அதே வயிற்றில் பிறந்ததாம். ஆகவே இது மருந்து இனத்தில் வருமாம். மருந்து வாங்க மையத்துக்கு உரிமம் இல்லையாம். சின்ன வயதில் முட்டியில் டிங்சர் போட்டபோது எரிந்தது ஞாபகம் வந்தது. இது அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

மூன்றாவதாக "ஷேடு" என்று எழுதினேன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற வார்த்தை. ஆலோசகர் முகம் வாடிவிட்டது.

"ஷேடு லத்தீன் இல்லை. வடக்கே காட்டில் திரிந்த கூட்டத்தாரின் சொல். இந்த அலுவலகத்தில் அதற்கு நிற்க இடம் கிடையாது."

"நானும் காலையில இருந்து நின்னுக்கிட்டுத்தாங்க இருக்கறேன்."

அவர் இரக்கப்பட்டார். ஒட்டுமொத்தமாக எழுதுவதால்தான் சிக்கல், நிறம் நிறமாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றாகத் தேற்றிவிடலாம் என்று வழி சொன்னார். இருபத்தேழு தாளில் பிரித்து எழுதினேன். பங்குனியில் இருபத்தேழு தாளும் இருபத்தேழு குறிப்போடு வந்தன.

கத்திரிப்பூவுக்கு அட்டையில் புர்புரா என்று போட்டிருந்தார்கள். அது கடலில் இருக்கிற ஒரு நத்தையின் பெயராம். அந்தக் காலத்தில் நத்தையைப் பிழிந்துதான் அந்தச் சாயம் எடுத்தார்களாம். ஆகவே நத்தை வாங்கிய ரசீது இணைக்கப்படவில்லை என்று குறிப்பு. மிளகாய்ப்பழத்துக்கு வெர்மிலியன். சின்னப் புழு என்று பொருளாம். புழுவுக்குத் தீங்கு இழைக்கப்படவில்லை என்று கால்நடை மருத்துவரிடம் சான்று வேண்டும். நான் போட்டது கடையில் வாங்கிய பவுடர் என்றேன். பவுடர் எனக்குத் தெரியாது, சொல்தான் எனக்குத் தெரியும் என்றார் ஆலோசகர்.

காப்பிப்பொடி நிலைமைதான் மோசம். அதற்கு அம்பர் என்று அட்டை. அந்தச் சொல் நிழல் என்ற உம்ப்ராவிலிருந்து வந்ததா, இத்தாலியில் அம்ப்ரியா என்ற ஊர்ப்பக்கத்து மண்ணிலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லையாம். இருநூறு வருசமாக வழக்கு நடக்கிறதாம். அது தீர்ந்ததும் நூற்றெண்பது ரூபாய் வந்துவிடுமாம்.

"இப்ப என் ஃபைலு எந்த நெலமையில இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"பெனும்ப்ரா," என்றார். "முழு நிழலும் இல்லை, முழு வெளிச்சமும் இல்லை. நல்ல நிலைமை."

அன்றைக்கு நசுருல்லா பாய் கடை வழியாகப் போகாமல் சந்து மாறிப் போகப் பார்த்தேன். அவர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா சின்னுசாமி! சந்துல எந்தக் கலரத் தேடிப் போற?"

"வந்துக்கிட்டேதான் இருக்கறேன் பாய்."

"லத்தீன்காரன் பணம் குடுத்தானா?"

"லத்தீன் பேசுனவங்க செத்து ரொம்பக் காலம் ஆச்சாம் பாய்."

"வாரிசு யாருன்னு கேளு, அவன் சட்டையப் புடி. எனக்கு மூவாயிரத்து நூத்திப் பதினஞ்சு வரணும். பழைய பாக்கி அடையாம புதுசாப் பவுடரு கெடையாது. கோவிச்சுக்காத. கடன் குடுத்த கடையும் கடையா இருக்கணும்ல?"

கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பவுடர் இல்லாமல் தொட்டி எதற்கு? பங்குனி பாதியில் தொட்டி காய்ந்துவிட்டது. வேலை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். ராசாத்தி ஒரு சேலைக் குடோனில் மடிப்பு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். முப்பத்தோரு வருசத்தில் என் நகம் முதல் தடவையாகச் சாதாரண நகம்போல ஆனது. ஊரில் பார்க்கிறவர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

நத்தை, புழு எல்லாவற்றையும் ராசாத்தியிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீங்க குடுத்தது நூலு. அவிய கேக்கறது வேரு. வேரு வேணும்னா ஆத்தூருப் பக்கம் போகச் சொல்லுங்க, மரவள்ளி லோடு லோடாக் கெடக்குது. இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். அப்பறம் அந்த ரெண்டு தொட்டியையும் வித்துப்போட்டு நீங்களும் மடிப்புக்கு வாங்க. கை சுத்தமாத்தான இருக்குது."

கடைசியில் சொன்னதுதான் குத்தியது.

சித்திரை இரண்டாவது வாரம் மறுபடி மாடி ஏறினேன். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. இருபத்தேழு சிட்டமும் ஒரே நிறம். துவைத்துத் துவைத்துப் போட்ட பனியன் நிறம். மயில் கழுத்து எது, மாந்தளிர் எது என்று செய்த எனக்கே தெரியவில்லை. தங்க எழுத்து அட்டைகள் மட்டும் அன்று கட்டியதுபோல் மின்னின.

ஆலோசகர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியைக்குக் குச்சியை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். "இது புர்புரா. மன்னர்கள் மட்டுமே அணிந்த நிறம். இது வெர்மிலியன். கண் கூசுகிறது பாருங்கள்."

ஆசிரியை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் படித்தவர், அட்டையில் இருந்ததைக் குறித்துக்கொண்டார்.

"ஐயா," என்றேன், "எல்லாம் வெளுத்துப்போச்சுங்க."

"எது?"

"நூலுங்க. பாருங்க."

அவர் அட்டையைப் பார்த்தார். "தெளிவாக எழுதியிருக்கிறதே!"

"அட்டைய வுடுங்க. நூலப் பாருங்க."

நூலைப் பார்ப்பது அவருக்குப் புதிது. கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு புத்தகத்தை இறுக்கி அணைத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார்.

அடுத்த வாரம் எனக்குப் பதிவுத் தபால் வந்தது. அதுவரை என் பெயருக்கு வந்த தபாலிலேயே பெரியது. மையத்திலிருந்து இருபத்தேழு நிறங்கள் காணாமல் போயுள்ளன. சப்ளை செய்தவர் தொடக்கத்திலேயே வெள்ளை நூலைக் கொடுத்து ஏமாற்றியிருக்கலாம் என்று ஐயம் எழுகிறது. நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் தொகை நிறுத்தப்படுவதுடன், அட்டைச் செலவு பதினாலாயிரத்து முந்நூறும் வசூலிக்கப்படும் என்றிருந்தது. மூன்று முறை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று முறையும் அதேதான் இருந்தது. மூவாயிரம் கடனில் தொட்டி காய்ந்தது. பதினாலாயிரம் என்றால் தொட்டியோடு அடுப்பும் போகும்.

வைகாசி முதல் திங்கள்கிழமை என் விளக்கத்தைக் கேட்க மையத்தின் குழு கூடியது. நீள மேசை. இயக்குநர், ஆலோசகர், தண்ணீர் பாட்டில்கள். ஓர் ஓரத்தில் கோப்புகளோடு பிரவீனா.

"காணாமல் போன நிறங்களின் அடையாளம் சொல்லுங்கள்," என்றார் இயக்குநர்.

"அடையாளம்னா?"

"கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"தெறப்பு விழாவுலங்க. வெயிலு வுழுந்துக்கிட்டு இருந்துச்சு. வெயிலு தாங்காதுன்னு நான் மொதல்லயே சொன்னனுங்க. பில்லுலயும் எழுதியிருந்தனுங்க."

"இருபத்தேழு பில்லிலும் அப்படி ஒரு வரி இல்லை," என்றார் ஆலோசகர். "சரிபார்த்துவிட்டேன்."

பிரவீனா எழுந்தாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "சார், அது மொத பில்லுங்க சார். இதுல இருக்குதுங்க." ஒரு தாளை மேசையில் வைத்தாள். என் பெரிய எழுத்து. "நிழலில் வைக்கவும்." அதன் மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் ஆலோசகர் கையெழுத்து. தேதி.

இயக்குநர் அதை வெகுநேரம் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "இதை இழப்பு என்று பார்க்கத் தேவையில்லை, ஐயா. இப்போது இருபத்தேழுக்கும் ஒரே வேர். அல்புஸ். வெள்ளை. நம் கல்யாண ஆல்பம்கூட அதிலிருந்து வந்ததுதான். புதிதாக இருபத்தேழு அட்டை அடித்துவிட்டால்..."

"பாலசுந்தரம்," என்றார் இயக்குநர், "உட்காருங்கள்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் அப்படியே சொல்கிறேன். புரிந்துகொள்ள முயற்சி செய்ய வேண்டாம், நான் முயன்று பார்த்துவிட்டேன்.

நிறங்கள் இல்லாததால் நிறங்களுக்குப் பணம் தர முடியாது என்று முதலில் தீர்மானம் ஆயிற்று. கையெழுத்துப் போட்ட தாள் இருப்பதால் தராமலும் இருக்க முடியாது என்று இரண்டாவது தீர்மானம். வெளுத்த நூல் பயனற்ற பொருள், அதை ஏலம் விட்டுக் கழிக்க வேண்டும் என்று மூன்றாவது. ஆனால் பதிவேட்டில் அதன் மதிப்பு நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. அதற்குக் குறைந்து ஏலம் விட விதி இல்லை. ஏலம் அந்த அறையிலேயே நடந்தது. கேட்க வந்தவர்கள் என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

இயக்குநர் எழுந்து நின்றார். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"நாங்கள் உங்களுக்குத் தர வேண்டியது நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. இந்த நூலை எடுத்துக்கொண்டால் நீங்கள் எங்களுக்குத் தர வேண்டியதும் நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. இரண்டையும் கழித்தால்?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒன்றுமில்லை!" மேசையைத் தட்டினார். "இந்த மையம் தொடங்கியதிலிருந்து பைசா பாக்கியில்லாமல் முடித்த முதல் கணக்கு இது. ஓர் எளிய தொழிலாளியின் நிலுவையை ஒரே அமர்வில் தீர்த்திருக்கிறோம். பணம் கைமாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தூய்மை!"

கை தட்டினார்கள். இந்த முறை நான் தட்டவில்லை. அட்டைச் செலவு என் தலையில் விழவில்லையே என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ரசீதில் ஒட்ட ரெவின்யூ ஸ்டாம்பு ஒரு ரூபாய் என் செலவு என்றார்கள். அதைப் பிரவீனா தன் பையிலிருந்து எடுத்து ஒட்டினாள். "அது இருக்கட்டுமுங்கண்ணா," என்றாள். ஐந்து மாதத்தில் அந்தக் கட்டடத்திலிருந்து எனக்கு வந்த காசு அந்த ஒரு ரூபாய்தான்.

இருபத்தேழு சிட்டத்தையும் அட்டையோடு பழைய வேட்டியில் மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ராசாத்தி கொடுத்த ஒரு மாதம் முடிந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. நேராகச் செவ்வாய்ப்பேட்டை. தொட்டியை விற்கப் போகிறேன், ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று பாயிடமே சொல்லிவிட்டால் பாக்கியை அவரே அதில் எடுத்துக்கொள்ளட்டும்.

கடையில் நசுருல்லா பாய் கல்லாவில் இருந்தார். ஓரத்தில் அவர் மகள் கௌசியா சேலைகளைப் பிரித்துப் போட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படியே போனில் சேலை விற்கிறவள். பெங்களூர் வரைக்கும் அனுப்புகிறாள்.

"என்னப்பா மூட்டை? பணமா?" என்றார் பாய்.

"என் நூலுதான் பாய். நான் குடுத்த நூல எனக்கே குடுத்துக் கணக்கத் தீத்துப்புட்டாங்க."

நடந்ததைச் சொன்னேன். நத்தை வந்தபோது பாய் சிரித்தார். ஏலம் வந்தபோது கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஸ்டாம்பு வந்தபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, "டீ சொல்லும்மா" என்றார் மகளிடம்.

"அந்த அட்டையாச்சும் ரொம்ப வெலையாமே, காட்டு," என்றார். ஒரு சிட்டத்தை உருவி, இடுப்பு அட்டையைக் கழற்றினேன்.

பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அட்டை சுற்றியிருந்த இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு, மயில் கழுத்து இருந்தது. தை மாதம் தொட்டியிலிருந்து எடுத்தபோது எப்படியோ அப்படியே. இரண்டு பக்கமும் வெளுப்பு. வெளுப்பும் கலரும் சேர்கிற இடம் வெட்டினதுபோல் இல்லாமல் புகைபோல் கலந்திருந்தது. வேண்டும் என்று போட்டாலும் அந்தக் கலப்பு எனக்கு வராது. அடுத்த அட்டையைக் கழற்றினேன். மாந்தளிர். அதற்கடுத்தது கத்திரிப்பூ. தங்க எழுத்து எல்லாம் சேர்ந்து தன் வாழ்நாளில் செய்த ஒரே வேலை, நூலுக்கு நிழல் கொடுத்தது.

மூடின இடத்தில்தான் கலர் நின்றிருந்தது. ஆலோசகர் புத்தகத்தைத் திறந்து சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு இன்னும் விளங்கியிருக்காது.

கௌசியா போனைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். சிட்டத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அத்தா, இத ஊடையில, குறுக்கு நூலாப் போட்டு நெய்தா எப்படி வரும் தெரியுமா? வெள்ளைச் சேலையில அங்கங்க கலரு தூவின மாதிரி வரும். ரெண்டு சேலை ஒண்ணு மாதிரி இருக்காது. இத வாங்குறதுக்குன்னே எங்கிட்ட ஆளுங்க இருக்காங்க." என் பக்கம் திரும்பினாள். "எல்லாத்துலயும் இப்படி இருக்குதா மாமா?"

"இருபத்தேழுலயும் அட்டை இருக்குது சாமி."

"மொத்தமா எவ்வளவு சொல்றீங்க?"

விலை யோசிக்கவே இல்லை. ஐந்து மாதப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நாலாயிரத்தி எண்ணூத்தி அறுபது."

சொன்ன பிறகு பயம் வந்தது. பாய் என்னைப் பார்த்தார், சிட்டத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இதுக்கு நத்தை ரசீது வேணுமா?" என்றார் பாய்.

"வேண்டாம் பாய்."

"அப்ப சரி." கல்லாவிலிருந்து நோட்டை எடுத்தார். "என் பாக்கி மூவாயிரத்து நூத்திப் பதினஞ்சு போனா, உனக்கு வர வேண்டியது ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தஞ்சு. காசா வேணுமா, பவுடரா வேணுமா?"

"பவுடரு."

"இந்தத் தடவ சாதா வேண்டாம். வெயிலு தாங்கறதப் போடு." எழுந்துபோய்த் தராசைத் துடைத்தார்.

நான் அட்டைகளைக் கழற்றி ஒரு மூலையில் அடுக்கினேன். சிட்டங்களைக் கட்டி, கௌசியாவிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்கி, கட்டின் மேல் செருகுவதற்கு எழுதினேன். பெரிய எழுத்துதான், ஆனால் கோணவில்லை. "நிழலில் வைக்கவும்."

கௌசியா அதைப் படித்துவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைக்கு உள்ளே, ஜன்னல் இல்லாத அறையில் வைத்தாள்.

பாய் கணக்கு நோட்டில் என் பக்கத்தைத் திருப்பினார். சிவப்புப் பேனாவைத் திறந்து, மூவாயிரத்து நூற்றுப் பதினைந்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.